புருடென்ஸ் புஷ்னெல்: கேள்வி பதில்

ஆப்பிரிக்க விவகாரங்களைக் கவனித்த அமெரிக்கத் தூதர் புருடென்ஸ் புஷ்னெல் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: 1994 ருவாண்டா படுகொலையின்போது கொலைகாரர்களுக்கே போன் போட்டாராமே, நிஜமா சார்?

ப: நிஜம்தான். அப்போது வெளியுறவுத் துறையின் ஆப்பிரிக்கப் பிரிவில் இரண்டாம் நிலை அதிகாரி அவர். ருவாண்டா தலைநகர் கிகாலியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைக் காலிசெய்தாகிவிட்டது; மிச்சம் இருந்தது டெலிபோன்தான். ஏப்ரல் 28 அன்று ருவாண்டா ராணுவத்தின் கர்னல் பாகசோராவை அழைத்து, கொலைகளை நிறுத்தச் சொன்னார். பின்னாளில் இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் அந்தக் கர்னல்.

கே: போன் போட்டு என்ன பயன்? படையை அனுப்பியிருக்கலாமே?

ப: அது அவர் கையில் இல்லையே அம்மா. முந்தைய அக்டோபரில்தான் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். அதனால் படை அனுப்பச் சொல்லி வாஷிங்டனில் யாரும் வாய் திறக்கவில்லை. சரி, கொலைக்குத் தூண்டும் வானொலியையாவது முடக்குங்கள் என்று வற்புறுத்தினார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் மே 5 குறிப்பில் கணக்குப் போட்டுக் காட்டியது: அதற்கான விமானம் பறக்க மணிக்குச் சுமார் 8,500 டாலர் ஆகுமாம், சட்டச் சிக்கலும் உண்டாம். செத்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். இந்தக் கணக்கை எப்போது படித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கே: நைரோபியில் குண்டு வெடித்தபோது தூதரகத்துக்குள் இருந்தாரா?

ப: இல்லை. அப்போது அவர் கென்யாவுக்கான அமெரிக்கத் தூதர்; தலைநகர் நைரோபியில் இருந்த அவருடைய தூதரகத்தைத்தான் குண்டு தாக்கியது. 1998 ஆகஸ்ட் 7 காலை, பக்கத்து வங்கிக் கட்டடத்தின் மேல்தளத்தில் கென்ய வர்த்தக அமைச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு வெடிச்சத்தம். என்னவென்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். இவர் சற்றுப் பின்தங்கினார். அடுத்த நொடி பெரிய வெடிப்பு. நினைவு தப்பி விழுந்தவர், எழுந்து, ரத்தம் வழிந்த கூட்டத்தோடு கூட்டமாகப் படியிறங்கினார். அன்று நைரோபியில் இறந்தவர்கள் 213 பேர்; அமெரிக்கர் 12 பேர், மற்றவர்களில் பெரும்பாலோர் கென்யர்கள்.

கே: முன்பே எச்சரித்தார் என்கிறார்களே?

ப: எச்சரித்தார். நெரிசலான சாலையை ஒட்டி நின்றது தூதரகக் கட்டடம். சாலைக்கும் தூதரகத்துக்கும் 100 அடி இடைவெளி வேண்டும் என்பது 1985 முதலே பரிந்துரை. வேறு கட்டடம் கேட்டுத் தந்தி மேல் தந்தி அனுப்பினார்; கடைசியில் வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட்டுக்கே கடிதம் எழுதினார். பணம் இல்லை என்றார்கள். விசாரணைக் குழு 1999-ல் அமைப்பைக் குறை சொன்னது, தனிநபர் எவர் மீதும் தவறில்லை என்றது. எனக்கு அது ஒப்பவில்லை.

கே: அதோடு விலகிவிட்டாரா?

ப: இல்லை, குவாத்தமாலாவுக்குத் தூதராகப் போனார். பிறகு வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் தலைமைத்துவப் பள்ளியை நடத்தினார்.