சிகிச்சை விதிகளில் நேரம்: கேள்வி பதில்

சிகிச்சை வழிகாட்டுநெறிகளைக் கணினி விதிகளாக எழுதுவோர் நேரக் கணக்கு பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஒரே ரத்தப் பரிசோதனைக்கு நான்கு நேரம் பதிவாகிறது சார். விதியில் எதை எடுப்பது?

பதில்: ரத்தம் எடுத்த நேரத்தை. பரிசோதனை எழுதிய நேரமோ, ஆய்வகத்துக்கு மாதிரி வந்த நேரமோ, முடிவு வெளியான நேரமோ நோயாளியின் உடல்நிலையைச் சொல்லாது. பொட்டாசியம் கூடுதல் என்று 7 மணிக்கு மருந்து கொடுத்தாயிற்று. 6 மணிக்கு எடுத்த இன்னொரு மாதிரியின் முடிவு 8 மணிக்கு வருகிறது. 8 மணியைப் பிடித்துக்கொண்டால், மருந்துக்குப் பிறகும் குறையவில்லை என்று விதி தவறாக முடிவு கட்டும். மருத்துவ விதிகளை எழுதும் மொழியான ஆர்டன் சின்டாக்ஸில் ஒவ்வொரு மதிப்போடும் முதன்மை நேரம் ஒன்று ஒட்டியே இருப்பது இதற்காகத்தான். அதற்காக வெளியான நேரத்தை அழித்துவிட வேண்டாம். அந்தத் தகவல் அப்போது மருத்துவர் கைக்கு வந்திருந்ததா என்று பின்னால் தணிக்கை செய்ய அதுதான் உதவும்.

கேள்வி: "24 மணி நேரத்தில் 4 கிராம் பாராசிட்டமாலுக்கு மேல் கூடாது, இடைவெளி குறைந்தது 4 மணி நேரம்." இதை ஒரு நாளின் மொத்தமாகக் கணக்கிட்டால் போதாதா?

பதில்: போதாது, ஆபத்தும்கூட. 11:30, 15:30, 19:30, 23:30 என்று 1 கிராம் வீதம் கொடுத்தால் 4 கிராம் ஆயிற்று. நள்ளிரவில் கணக்கு பூஜ்யமாகிவிடுவதால் 3:30-க்கும் 7:30-க்கும் உங்கள் விதி அனுமதி தரும். முந்தைய 11:30 முதல் எண்ணினால் 20 மணி நேரத்தில் 6 கிராம்! ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் அந்தக் கணத்திலிருந்து 24 மணி நேரம் பின்னோக்கிக் கூட்டுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வேளை மறுநாள் 11:30-க்குத்தான். சரியாக 24 மணி நேரத்துக்கு முந்தைய வேளையைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் எழுதி வையுங்கள். எல்லைப் புள்ளியில்தான் இரண்டு நிரலாளர்கள் இரண்டு விதமாக எழுதுவார்கள்.

கேள்வி: சிகிச்சைத் திட்டங்களை எழுதும் மொழியான ஆஸ்ப்ருவில் ஒரு நேரக் குறிப்புக்கு ஏழு பகுதிகள். இத்தனை தேவையா?

பதில்: தொடக்கத்துக்கு மிக முந்தைய, மிகப் பிந்தைய எல்லை, முடிவுக்கும் அதே இரண்டு, குறைந்தபட்ச, அதிகபட்ச நீளம், ஏழாவதாக, எங்கிருந்து எண்ணுகிறோம் என்ற ஆதாரப் புள்ளி. முதல் ஆறில் தெரியாததைக் காலியாக விடலாம். ஏழாவதில் கோட்டை விட்டால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான 4.5 மணி நேர வரம்பும் அப்படியே: நோயாளி கடைசியாக நலமாக இருந்தது தெரிந்த கணம்தான் தொடக்கம். இரவு 11-க்கு நன்றாகப் படுத்தவர் காலை 6-க்குக் கை வராமல் எழுந்தால், 7 மணிக்குக் கணக்கு 8 மணி நேரம். 1 மணி நேரம் அல்ல.

கேள்வி: தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையொன்று சார்ந்த இடைவெளிகள். இவை முரண்படுகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?

பதில்: ஹெபடைடிஸ் பி மூன்று தவணையை எடுங்கள். முதலுக்கும் இரண்டுக்கும் குறைந்தது 4 வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் 8, முதலுக்கும் மூன்றுக்கும் 16. இரண்டாவது 4-ஆம் வாரத்தில் போட்டால் மூன்றாவது 12-இல் வராது, 16-இல்தான். இரண்டாவது 10-க்குத் தள்ளினால் 18. (குழந்தைகளுக்கு வயது வரம்பும் உண்டு, அது இன்னொரு கட்டுப்பாடு.) ஒவ்வொரு தவணையும் ஒரு கணு (வரைபடத்தின் புள்ளி), ஒவ்வொரு இடைவெளியும் கணுக்களுக்கிடையே எண் எழுதிய ஒரு கோடு, மிகக் குறுகிய பாதைகளைக் காணும் ஃபிளாய்ட்-வார்ஷல் கணிப்புமுறையை ஓட்டினால் எல்லாக் கணுக்களுக்கும் இறுக்கமான வரம்பு கிடைக்கும். எதிர்க்குறிச் சுழற்சி (சுற்றித் திரும்பும் பாதையின் கூட்டல் பூஜ்யத்துக்குக் கீழே) வந்தால் விதிகள் முரண். 1991-இல் டெக்டர், மெய்ரி, பெர்ல் வகுத்த எளிய காலக் கட்டுப்பாட்டு முறை இது. கணுக்களின் எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ற நேரமே ஆகும். ஆனால் "சாப்பாட்டுக்கு முன், அல்லது 2 மணி நேரம் கழித்து" என்று 'அல்லது' நுழைந்தால் இந்த எளிமை போய்விடும். ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே சோதிக்க வேண்டிவரும். ஆலனின் 13 இடைவெளி உறவுகளை (இரண்டு கால இடைவெளிகளில் ஒன்று மற்றதற்கு முன், ஒன்றின்மேல் ஒன்று என்பன போன்றவை) முழுதாக அனுமதித்தாலும் இதே சிக்கல்தான்.

கேள்வி: "கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இல்லை" என்ற நிபந்தனை, வெப்பநிலையே பார்க்காத நோயாளிக்கும் உண்மையாகிறதே?

பதில்: பதிவு இல்லாததை நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டதன் விளைவு. அந்த 24 மணி நேரத்துக்குள் போதுமான அளவீடுகள் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் விடை 'தெரியாது', 'ஆம்' அல்ல. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே நிலை மாறவில்லை என்று எவ்வளவு நேரம் நம்பலாம் என்பது ஒவ்வொரு அளவுக்கும் வேறு. ரத்தப்போக்கு இல்லாதவரின் ஹீமோகுளோபினை மூன்று நாள் இடைவெளியிலும் இணைக்கலாம். இன்சுலின் போடுபவரின் சர்க்கரையை அப்படி இணைக்கக் கூடாது. இந்த வரம்பை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நிரலாளரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

கேள்வி: சிக்யூஎல்லில் (CQL, மருத்துவ விதிகளை எழுதும் இன்னொரு மொழி) நாள் கணக்கு சில நேரம் ஒன்று கூடுகிறது.

பதில்: அதில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று முழு நாட்களை எண்ணும், மற்றது கடந்த நள்ளிரவுகளை. 23:30-லிருந்து 00:30 வரை முதலாவது 0 சொல்லும், இரண்டாவது 1 சொல்லும். மருந்து இடைவெளிக்கு இரண்டுமே வேண்டாம், மணியில் கணக்கிடுங்கள். மாதத்திலும் கவனம்: ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாள் வரும். நெறி "4 வாரம்" என்றால் 28 நாள் என்றே எழுதுங்கள்.