வாசகர் கேள்வி – பதில்: பத்துப் பேரும் ஒரு எல்.எம்.ஜி.யும்

காலாட்படை பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: செக்‌ஷன், பிளாட்டூன், கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட்... என்.சி.சி. வகுப்பில் மனப்பாடம் செய்தாலும் குழம்புகிறது. எது பெரியது? எதற்கு இத்தனை அடுக்கு?
– பிளஸ் டூ மாணவர், கோபிசெட்டிபாளையம்

ப: முதலில் ரெஜிமென்டைத் தள்ளி வையுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். நம் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அதன் பட்டாலியன்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து சண்டை போடுவதில்லை. ஒன்று காஷ்மீரில் இருக்கும், இன்னொன்று வடகிழக்கில் இருக்கும். ஆள் சேர்ப்பு, பயிற்சி, கொடி, மரபு ஆகியவைதான் பொது. பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் மட்டும் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் அளவுள்ள ஒரே அணி. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இனி கீழிருந்து எண்ணுங்கள். ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர். மூன்று செக்‌ஷனும் ஒரு சிறு தலைமையகமும் சேர்ந்தால் பிளாட்டூன், ஏறக்குறைய முப்பத்தைந்து பேர். மூன்று பிளாட்டூன் ஒரு ரைஃபிள் கம்பெனி, சுமார் 120 பேர். நான்கு ரைஃபிள் கம்பெனிகளோடு, மார்ட்டர் போன்ற பெரிய ஆயுதங்களை வைத்திருக்கும் ஒரு சப்போர்ட் கம்பெனியும் ஒரு தலைமையகக் கம்பெனியும் சேர்ந்தது பட்டாலியன், எண்ணூறு பேரை ஒட்டி வரும். அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன், கோர்.

செக்‌ஷனை நடத்துபவர் ஹவில்தார் அல்லது நாயக். பிளாட்டூன் பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயப் சுபேதார் கையில் இருக்கும். கம்பெனிக்கு மேஜர், பட்டாலியனுக்கு கர்னல்.

இந்த மூன்று மூன்றான அடுக்குக்குக் காரணம் எளிது. வெடிச்சத்தத்துக்கு நடுவே ஒருவரால் மூன்று நான்கு பேரைத்தான் கவனித்துக் கட்டளையிட முடியும். எண்ணூறு பேரையும் கர்னல் நேரடியாக நடத்துவதில்லை. சண்டையில் அவர் முக்கியமாக நான்கு ரைஃபிள் கம்பெனி கமாண்டர்களிடம் பேசுகிறார், அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பிளாட்டூன் கமாண்டர்களிடம் பேசுகிறார். சண்டையிலும் மூன்று என்பது வசதியான எண். இரண்டை முன்னால் அனுப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கையிருப்பில் ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட்ட கமாண்டருக்கு, எதிரி எதிர்பாராத பக்கத்தில் வந்தால் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

கே: பத்துப் பேரில் யார் எதைத் தூக்குகிறார்கள்? எல்லோருக்கும் மெஷின் கன் கொடுத்துவிட்டால் என்ன?
– வாசகர், காங்கேயம்

ப: நல்ல கேள்வி. பதில் எடைக் கணக்கில் இருக்கிறது.

செக்‌ஷன் இரண்டு குழுக்களாகப் பிரியும். எல்.எம்.ஜி. (லைட் மெஷின் கன்) குழுவில் மூன்று பேர்: சுடுபவர், தோட்டாப் பட்டையைக் கவனிக்கும் துணை, அவர்களை நடத்தும் செக்‌ஷன் துணைத் தலைவர். மற்ற ஏழு பேர் செக்‌ஷன் கமாண்டரோடு ரைஃபிள் குழு. எல்.எம்.ஜி. சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கும்போது ரைஃபிள் குழு பக்கவாட்டில் நகர்ந்து நெருங்கும். இரண்டு குழுவும் எதிரியை நோக்கி ஏறத்தாழ செங்கோணத்தில் இருப்பது நல்லது. ஒரே கோட்டில் நெருங்கினால் நம் ஆட்களே எல்.எம்.ஜி.யின் குறியை மறைத்துவிடுவார்கள், துப்பாக்கி நிற்க வேண்டி வரும். துப்பாக்கி நின்ற அந்தச் சில நொடிகளில்தான் ஆட்சேதம் அதிகம்.

இப்போது எடை. இன்சாஸ் ரைஃபிளின் 5.56 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். சிக் 716 ரைஃபிளும் நெகேவ் எல்.எம்.ஜி.யும் தின்னும் 7.62×51 மி.மீ. தோட்டா சுமார் 24 கிராம், சரியாக இரண்டு மடங்கு. தூரமும் அடியின் பலமும் கூடும், சுமக்கும் எண்ணிக்கை பாதியாகும். ஏ.கே. 203 சுடும் 7.62×39 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயரில் 7.62 இருப்பதால் ஒன்றின் தோட்டா இன்னொன்றில் போகும் என்று நினைக்க வேண்டாம், × குறிக்குப் பின்னால் வரும் எண்ணான தோட்டாக் கூட்டின் நீளமே வேறு.

பட்டையில் கோத்த 100 தோட்டா கண்ணிகளோடு சுமார் 3 கிலோ. எல்.எம்.ஜி. நிமிடத்துக்கு அறுநூறுக்கு மேல் சுடும் வேகம் கொண்டது. விசையை விடாமல் அழுத்தினால் அந்த 3 கிலோ பத்து நொடியில் தீர்ந்துபோகும். அதனால்தான் மூன்று நான்காக விட்டுவிட்டுச் சுடச் சொல்லித் தருகிறார்கள். எல்லோர் கையிலும் எல்.எம்.ஜி. கொடுத்தால் தோட்டா சுமக்க ஆள் இல்லை. உண்மையில் மற்ற ஏழு பேரும் தங்கள் பையில் எல்.எம்.ஜி.க்கான பட்டையையும் கொஞ்சம் கொண்டுபோகிறார்கள்.

குழலின் சூடு அடுத்த பிரச்சினை. சப்போர்ட் ஆயுதமாக உள்ள எம்.ஏ.ஜி. மெஷின் கன்னை நிமிடத்துக்கு 200 வீதம் சுட்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் குறி சிதறும், விசையைத் தொடாமலே சூட்டில் தோட்டா வெடிக்கவும் செய்யும். எனவே மாற்றுக் குழலையும் ஒருவர் தூக்க வேண்டும்.

இதோடு கவசச் சட்டை, ஹெல்மெட், கைக்குண்டு, தண்ணீர், சாப்பாடு, வயர்லெஸ் பேட்டரி. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமந்தால் வேகம் குறையும் என்பது பழைய கணக்கு. பல படைகளில் அது தினமும் மீறப்படுகிறது. புதிய கருவி வந்தால் "இது என்ன செய்யும்" என்று கேட்பதற்கு முன் "இதற்குப் பதிலாக எதை இறக்கி வைக்கப் போகிறோம்" என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மற்ற நாடுகளும் இதே கணக்கைத்தான் வேறு விதமாகப் போடுகின்றன. பிரிட்டிஷ் செக்‌ஷனில் எட்டுப் பேர், நான்கு நான்காக இரண்டு அணி. அமெரிக்க ராணுவத்தில் ஒன்பது பேர், இரண்டு அணியும் ஒரு தலைவரும். நம்முடைய பத்தில் ஒரு நன்மை உண்டு. விடுப்பு, காய்ச்சல், பயிற்சி வகுப்பு என்று இரண்டு பேர் குறைந்தாலும் இரண்டு குழுவும் உயிரோடு இருக்கும்.

கே: கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இன்சாஸ் அடைத்துக்கொள்ளும் என்று படித்தேன். இயந்திரத்தில் கோளாறு எங்கே வருகிறது?
– வாசகர், கோவை

ப: பெரும்பாலும் துப்பாக்கியில் இல்லை, மேகசினில், அதாவது தோட்டா நிரப்பிப் பொருத்தும் பெட்டியில். நாலே உறுப்புதான்: கூடு, ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளும் தட்டு, வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகள். உதடு கொஞ்சம் விரிந்தால் ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா எழும்பும், கொஞ்சம் ஒடுங்கினால் தோட்டா மூக்கைக் குத்திக்கொள்ளும். ஷீட் மெட்டல் வேலை தெரிந்த உங்களுக்கு, கீழே விழுந்த ஒரு பெட்டியின் விளிம்பு எவ்வளவு வளையும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1999 கார்கில் போரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் கடுங்குளிரில் விரிசல் விட்டது பரவலாகப் பேசப்பட்டது.

தோட்டா நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பது பாதி உண்மை. நல்ல ஸ்பிரிங் அழுத்தியே இருப்பதால் அதிகம் தளராது, அழுத்தி விட்டு அழுத்தி விட்டுத்தான் தளரும். 20 கொள்ளும் மேகசினில் 18 போடும் பழக்கம், நிரம்பியதைப் பொருத்தும்போது பூட்டு எளிதாக விழுவதற்காக.

எண்ணெயும் ஒரு எதிரி. புழுதி நிலத்தில் அதிகம் தடவினால் சாந்தாகிவிடும், பனியில் கெட்டிப்படும். பயிற்சியில் ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதி வைப்பது நல்ல வழி. மூன்று முறை அடைப்பு வந்து மூன்றும் 4-ஆம் எண் என்றால், துப்பாக்கியைக் கழற்றுவதை விட்டுவிட்டு அந்த மேகசினைத் தூர எறியலாம்.

கே: எங்க ஊர்ல ரிட்டயர்டு சுபேதார் ஒருத்தர் இருக்காருங்க. தோள்ல ரெண்டு ஸ்டார். லெப்டினன்டுக்கும் ரெண்டு ஸ்டார்ங்கறாங்க. எப்படிங்க கண்டுபிடிக்கறது?
– வாசகர், தாராபுரம்

ப: நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பு–மஞ்சள்–சிவப்பு நாடா இருந்தால் சுபேதார், இல்லாவிட்டால் லெப்டினன்ட். சுபேதார் மேஜருக்கும் மேஜருக்கும் இதே வித்தியாசம்தான், இருவருக்கும் சிங்க முத்திரை, நாடா சுபேதார் மேஜருக்கு மட்டும். சுபேதார் என்பவர் சிப்பாயாகச் சேர்ந்து இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து வந்தவர். புதிதாக வரும் இளம் அதிகாரி பிளாட்டூன் நடத்தக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அவரிடம்தான். அவரைப் பார்த்தால் எங்கள் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

கே: மார்ட்டர் என்பது காலாட்படையின் சொந்தப் பீரங்கி என்கிறார்கள். எங்கள் தென்னந்தோப்பு மாதிரி இடத்தில் அதை வைத்துச் சுட முடியுமா?
– வாசகர், ஆனைமலை

ப: மறைந்திருக்கத் தோப்பு அருமை, சுடுவதற்கு ஆபத்து. சப்போர்ட் கம்பெனியில் உள்ள 81 மி.மீ. மார்ட்டர் குண்டை வானத்தை நோக்கி அனுப்பி, சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இறக்கும். தலைக்கு மேல் மட்டையோ கிளையோ இருந்தால் குண்டு அதில் பட்டு நம் ஆட்கள் மேலேயே வெடிக்கலாம். தோப்பு நடுவே வானம் தெரியும் வெட்டவெளி வேண்டும், குண்டு ஏறும் கோணத்தில் கடைசி மரத்தின் உச்சியையும் தாண்ட வேண்டும்.

மண்ணும் முக்கியம். மார்ட்டர் மூன்று பாகம்: குழல், இருகால், அடித்தட்டு. உதைப்பு முழுவதும் அடித்தட்டு வழியே தரைக்குப் போகிறது. நீர் பாய்ச்சிய தோப்பு மண்ணில் தட்டு ஒவ்வொரு சுடலுக்கும் புதைந்து சாயும், குறியும் கூடவே நகரும். காங்கேயம் பக்கத்துச் சரளைப் பாறையில் நேர்மாறாக, தட்டு துள்ளும். பாறையில் மண்மூட்டை பரப்பி அதன் மேல் தட்டை வைப்பார்கள். இளகிய மண்ணில் முதல் இரண்டு மூன்று குண்டைத் தட்டைப் படிய வைக்கவே செலவழித்துவிட்டு, குறியை மறுபடி சரிபார்ப்பார்கள். ஒரு குண்டு சுமார் 4 கிலோ. வாகனம் போகாத இடத்தில் நூறு குண்டு என்றால் எத்தனை தோள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிளாட்டூனிடம் இருக்கும் 51 மி.மீ. மார்ட்டர் இதன் தம்பி. ஐந்து கிலோவுக்கும் குறைவு, ஒருவரே தூக்கலாம், 850 மீட்டர் வரை போகும். புகை போடவும் இரவில் வெளிச்சம் போடவும் அதுதான் கைகொடுக்கிறது.

கே: ராணுவத்தின் புதிய உடுப்புத் துணியை நாங்கள் தைத்து விற்கலாமா? அதில் என்ன விசேஷம்?
– பனியன் கம்பெனி நடத்துபவர், திருப்பூர்

ப: அனுமதி இல்லாமல் கூடாது. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தன்று அறிமுகமான அந்த வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. முறையான ஒப்பந்தம் மூலம் மட்டுமே தைக்கலாம்.

துணி 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர். முழுப் பருத்தி வியர்வையில் நனைந்தால் காய நேரமாகும். முழு பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கலவை இந்த இரண்டுக்கும் நடுவழி.

சாயக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கேமோ துணி (சூழலோடு கலந்து மறைக்கும் வடிவமுள்ள துணி) பகல் கண்ணுக்கு மட்டும் பச்சையாக இருந்தால் போதாது. இரவுக் கருவிகள் பார்ப்பது அகச்சிவப்புக்கு அருகான ஒளியை. உங்களிடம் சாதாரணமாக ஓடும் ரியாக்டிவ் சாயத்தில் அதே பச்சை வந்தாலும் இரவுக் கருவியில் துணி வெளிறித் தெரியலாம். எனவே பருத்தியில் இதற்கு வாட் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். இத்தகைய துணிக்குக் கஞ்சி போடுவதும், பளிச்சென்று காட்டும் வெளுப்பான் கலந்த சோப்பில் துவைப்பதும் ஆகாது.

கே: ஊட்டி ரயிலில் போகும்போது வெலிங்டன், அருவங்காடு வருகிறது. அங்கே இருப்பது பட்டாலியனா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ப: வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம். 1758 வரை வேர் செல்லும் ரெஜிமென்ட் அது, நம் காலாட்படை ரெஜிமென்டுகளில் மிகப் பழையது. அங்கே பயிற்சி முடித்தவர்கள் வெவ்வேறு பட்டாலியன்களுக்குப் போவார்கள். அருவங்காட்டில் இருப்பது கார்டைட் தொழிற்சாலை, தோட்டாவைத் தள்ளும் வெடிமருந்து செய்யுமிடம். பட்டாலியன் பார்க்க வேண்டுமென்றால் கோவைக்கே வரலாம், பிராந்தியப் படையின் (டெரிட்டோரியல் ஆர்மி) 110-ஆவது காலாட்படை பட்டாலியன் இங்கேதான்.

கே: இனி எல்லாம் டிரோன்தானே? காலாட்படை அமைப்பு மாறுமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

ப: மாறிக்கொண்டிருக்கிறது. பட்டாலியன்களில் 'அஷ்னி' என்ற டிரோன் பிளாட்டூன்கள் அமைவதை 2025 ஜூலை 26 அன்று திராஸில் ராணுவத் தளபதி அறிவித்தார். முன்பு ஒரு மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க நான்கு பேர் ஊர்ந்து போக வேண்டும். இப்போது அதைச் சிறு டிரோன் பார்த்துவிடும், மார்ட்டர் குண்டு எங்கே விழுந்தது என்றும் உடனே சொல்லும். ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், காற்றில் சிறு டிரோன் தள்ளாடும், எதிரி அலைவரிசையை அடைத்தால் குருடாகும். உயரமான இடத்தில் பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துச் சூடாகக் காக்க வேண்டியிருக்கும். சார்ஜ் செய்ய ஜெனரேட்டரும் எரிபொருளும் வேண்டும், அவற்றையும் யாரோ ஒருவர் மேலே தூக்கிப் போக வேண்டும்.