அக்காவைக் கேளுங்க: விட்பி ஊரும் 199 படியும்

போன இதழ்ல, இங்கிலாந்துல மிடில்ஸ்பரோல வேலை பாக்கற எங்க சின்னவன் வீட்டுக்குப் போயிருந்தப்ப பக்கத்துல விட்பின்னு ஒரு சின்ன கடற்கரை ஊருக்கு ரெண்டு தடவ போய் வந்ததை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவ்வளவுதான், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சிடுச்சு. சேலத்துல பாதி வீட்டுப் புள்ளைங்க அந்தப் பக்கம்தான் இருக்குதுங்க போல. முடிஞ்சதுக்குப் பதில் சொல்றேன்.

மக மிடில்ஸ்பரோல நர்ஸா இருக்கா, ஜூன்ல போறோம் அக்கா. விட்பிக்குன்னு ஒரு நாள்தான் கிடைக்கும். என்னென்ன பாயிண்ட் பாக்கலாம்னு லிஸ்ட் குடுங்க. – வாசகி, அஸ்தம்பட்டி

பாயிண்ட்னு படிச்சதுமே எனக்கு ஏற்காடு டாக்ஸிக்காரர் ஞாபகம் வந்துடுச்சு. "பத்து பாயிண்ட்மா, மூணு மணி நேரம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் அதுலயே வந்துரும்"னு சொல்லுவாரு, நாமளும் இறங்கி ஒரு போட்டோ ஏறி ஒரு வாழைப்பழம்னு சுத்திட்டு வந்து ஏற்காடு பாத்தாச்சும்போம். விட்பில அந்தக் கணக்கு செல்லாதுங்க, பழைய ஊருக்குள்ள வண்டியில சுத்தறதே கஷ்டம், எல்லாம் கல்லு பாவின சந்து.

ஊர் நடுவுல எஸ்க்னு ஒரு ஆறு ஓடி கடல்ல சேருது, அதுக்குக் கிழக்க ஒரு குன்று மேற்க ஒரு குன்று, நடுவுல ஒரு பாலம். படகு வந்தா அந்தப் பாலம் அப்படியே திரும்பி வழி விடும், ரெண்டு பக்கமும் சனங்க லெவல் கிராசிங்ல நிக்கற மாதிரி நின்னுட்டு இருப்பாங்க, எங்க வீட்டுக்காரரு இதைப் பாக்கறதுக்கே முக்கா மணி நேரம் காத்துட்டு இருந்தாரு. காலையில கிழக்குப் பக்கம் போங்க, சந்துக் கடைங்க, 199 படி, மேல சர்ச்சு, அதுக்குப் பின்னாடி இடிஞ்ச மடம். சாயங்காலம் மேற்குக் குன்று. அங்க ஒரு திமிங்கலத்தோட தாடை எலும்ப ரெண்டு பக்கமும் நட்டு வளைவு வெச்சிருக்காங்க, முதல்ல 1853ல வெச்சதாம், இப்ப இருக்கற எலும்பு 2003ல அலாஸ்காலருந்து வந்தது. அந்த வளைவுக்குள்ள நின்னு பாத்தா எதிர் குன்றுல மடம் கரெக்டா நடுவுல தெரியும். போட்டோ அங்க எடுத்துக்கங்க, போதும்.

மிடில்ஸ்பரோலருந்து நேரா ரயில் இருக்கு, ஒன்றரை மணி நேரம், எஸ்க் பள்ளத்தாக்குக்குள்ளயே ஆத்த ஒட்டிப் போற அழகான லைன். ஆனா ஒரு நாளைக்கு சில ரயில்தான், திரும்பற ரயில் நேரத்த பாக்காம மட்டும் போயிடாதீங்க.

எனக்கு 67 வயசு, முட்டி தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த 199 படி ஏறித்தான் ஆகணுமா? – வாசகி, அம்மாபேட்டை

ஏறணும்னு கட்டாயமே இல்ல, மேல மடத்துக்குப் பக்கத்துலயே கார் பார்க்கிங் இருக்கு, மகனோ மகளோ வண்டி வெச்சிருந்தா நேரா மேல போய் இறங்கிக்கலாம். ஆனா முடிஞ்சா மெதுவா ஏறிப் பாருங்க, ஏன் சொல்றேன்னா அந்தப் படி ரொம்ப செங்குத்து கிடையாது, நடு நடுவுல அகலமா மேடை மாதிரி விட்டு பெஞ்சு போட்டிருக்காங்க. நான் முதல் பெஞ்சுல உக்காந்து மூச்சு வாங்கிட்டு, அட நம்மள மாதிரி கிழடு கட்டைங்களுக்குன்னு எவ்வளவு யோசிச்சு பண்ணியிருக்கான் பாருன்னு சொன்னேன், சின்னவன் சிரிச்சுட்டு "அம்மா, அது சவப்பெட்டி வெக்கற பெஞ்சு"ங்கறான். சர்ச்சும் இடுகாடும் மலை மேல இருக்கு, ஊர் கீழ இருக்கு. தூக்கிட்டுப் போறவங்க தோள் மாத்த வேணாமா? அதுக்குத்தான். நம்ம ஊர் ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு நிக்குமே, அதே வேலைதான். தெரிஞ்சப்புறம் எனக்கு எந்திரிக்கத் தோணல, நல்லாவே உக்காந்துட்டேன்.

எண்ணிக்கை சரியா வரவே வராது. நான் எண்ணுனது 201, அவரு 198, ரெண்டு பேரும் படி இறங்கற வரைக்கும் சண்டை.

மேல மேரி மாதா சர்ச்சுக்குள்ள உக்கார்ற இடமெல்லாம் பலகையடிச்சு கதவு வெச்ச பெட்டி பெட்டியா இருக்கும், குடும்பத்துக்கு ஒண்ணு. வெளிய கல்லறைக் கல்லெல்லாம் கடல் காத்து அரிச்சு அரிச்சு, பேரு போய் தேதி போய், கரையான் தின்ன கதவு மாதிரி குழி குழியா நிக்குது.

இடிஞ்சு போன சுவத்துக்கு டிக்கெட் போட்டு காசு வாங்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதுல பாக்க என்ன இருக்கு? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கோரிமேடு

சார், கேள்வியில கொஞ்சம் நக்கல் இருக்கு, பரவாயில்ல. 657ல அந்த மடத்த ஆரம்பிச்சது, தலைவியா இருந்தது ஹில்டாங்கற அம்மா. ஆம்பள பொம்பள துறவிங்க ரெண்டு பேரும் இருந்த மடத்துக்கு ஒரு பொம்பள தலைவி. 664ல அங்க பெரிய சபை கூடிச்சு, எதுக்குன்னா ஈஸ்டர் பண்டிகை எந்த நாள்ல வருதுங்கற சண்டைக்கு. அயர்லாந்து வழி வந்த துறவிங்க ஒரு கணக்கு, ரோம் வழி வந்தவங்க இன்னொரு கணக்கு, அரண்மனையிலயே ராஜா ஒரு நாள் பண்டிகை கும்பிடறாரு, ராணி இன்னும் விரதத்துல இருக்காங்க. நம்ம வீட்டுல வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமான்னு மாமியாரும் நானும் வருஷா வருஷம் மல்லுக்கட்டுவோமே, அதேதான். கடைசியில ராஜா ரோம் கணக்குதான்னு முடிவு பண்ணிட்டாரு.

அதே மடத்துல மாடு மேய்ச்சிட்டு இருந்த கேட்மன்னு ஒருத்தரு, பாட்டே வராதுன்னு விருந்துலருந்து எந்திரிச்சுப் போயிடுவாராம், ஒரு நாள் கனவுல பாட்டு வந்துடுச்சாம். பேரு தெரிஞ்ச இங்கிலீஷ் கவிஞர்ல அவர்தான் முதல்னு சொல்றாங்க. மாட்டுக்காரருக்கு நாக்குல வந்து உக்காந்த கதைன்னா நமக்கு என்ன புதுசா சார், காளிதாசருக்கே அப்படித்தான சொல்றோம்.

இப்ப நிக்கற சுவரு அவங்க காலத்தது இல்ல, அப்புறம் வந்தவங்க கல்லுல கட்டினது. 1539ல எட்டாம் ஹென்றி மடத்தையெல்லாம் மூடினப்ப இதையும் மூடிட்டாரு, கூரை போச்சு. அப்புறம் 1914 டிசம்பர்ல ஜெர்மன் கப்பல்காரன் கடல்லருந்து குண்டு போட்டதுல மேற்குச் சுவத்துலயும் அடி. மிச்சம் இருக்கற ஜன்னல் வழியா வானமும் கடலும்தான் தெரியும். நான் டிக்கெட் காசு ரூபாயில எவ்வளவுன்னு மனசுல பெருக்கிட்டேதான் உள்ள போனேன், போனப்புறம் மறந்துட்டேன்.

நாங்க கொலுசுப் பட்டறை வெச்சிருக்கோம். அங்க ஏதோ கறுப்புக் கல்லு நகை விசேஷம்னு போட்டிருந்தீங்களே, வாங்கலாமா? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தொழில்காரர்கிட்ட நான் சொல்றதா, சரி. அதுக்குப் பேரு ஜெட். கல்லுன்னு சொன்னாலும் கல்லு கிடையாது, மரம். ஏறக்குறைய 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல விழுந்து சேத்துல அமுங்கின மரம், இறுகி இறுகி கறுப்பாயிடுச்சு. 1861ல புருஷன் ஆல்பர்ட் செத்தப்புறம் விக்டோரியா ராணி துக்கத்துக்கு இதைத்தான் போட்டுக்கிட்டாங்க, உடனே ஊர் உலகமே போட ஆரம்பிச்சு விட்பில பட்டறை பட்டறையா முளைச்சுது. ராணிக்கு வந்த துக்கம் ஒரு ஊருக்கே சோறு போட்டிருக்கு.

பட்டறையில ஒரு பெரியவரு எனக்குக் கையில வெச்சுக் காட்டினாரு. தூக்கினா கனமே இல்ல, பிளாஸ்டிக்கோன்னு சந்தேகம் வரும். கன்னத்துல வெச்சா சில்லுன்னு இருக்காது. கறுப்புக் கண்ணாடியில பண்ணின போலி சில்லுன்னு இருக்கும், கனமும் ஜாஸ்தி. அப்புறம் மெருகு பூசாத பீங்கான் ஓட்டுல உரசினாரு, கறுப்பு நகையிலருந்து பிரவுன் கோடு வந்துது. நீங்க உரைகல்லுல உரசிப் பாப்பீங்கல்ல, அதே வித்தைதான். விலை சொல்லாதீங்கன்னு மருமக கண்ண காட்டினா, அதனால சொல்லல.

இன்னொண்ணு, அந்தக் கடையிலேயே சுருண்ட பாம்பு மாதிரி கல்லு வெச்சிருந்தாங்க. ஹில்டா அம்மா ஊர்ல இருந்த பாம்பையெல்லாம் கல்லாக்கிட்டாங்கன்னு கதை, அந்தக் காலத்து வியாபாரிங்க அந்தக் கல்லுல பாம்புத் தலைய செதுக்கியே வித்திருக்காங்க. உண்மையில அது அம்மோனைட், கோடி வருஷத்துக்கு முந்தின கடல் பிராணியோட ஓடு. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா எங்க வீட்டு பூஜையில இருக்கற சாளக்கிராமத்துலயும் இதே சுருள்தான், நேபாளத்துல கண்டகி நதியிலருந்து வர்றதும் அதே வகைப் பிராணிதான். அங்க பாம்பு, இங்க பெருமாளோட சக்கரம்.

பேரன் ரயில் பைத்தியம், அக்கா. அப்புறம் கேப்டன் குக் ஊரும் அதுதானாமே? – வாசகி, ஆத்தூர்

கப்பலோட்டி குக் பொறந்தது மிடில்ஸ்பரோ பக்கம், 1728ல. கப்பல் வேலை கத்துக்கிட்டது விட்பில, முதலாளி வீட்டு மச்சுல படுத்துக்கிட்டு. அந்த வீடு இப்ப மியூசியம். அவரு பிற்பாடு ஆஸ்திரேலியா வரைக்கும் ஓட்டிட்டுப் போன எண்டெவர், விட்பில நிலக்கரி ஏத்தறதுக்குக் கட்டின கப்பல். அடி தட்டையா இருக்கும், மணல்ல ஏத்தி நிறுத்தலாம், அதனாலதான் பவளப்பாறையில மோதி ஓட்டை விழுந்தப்ப கரையில சாய்ச்சு அடைக்க முடிஞ்சுது. பேரன்கிட்ட இதைச் சொல்லுங்க, சாப்பிட வெச்சுடலாம்.

ரயிலுக்கு, பிக்கரிங்லருந்து குரோஸ்மண்ட் வரைக்கும் 18 மைல் நீராவி எஞ்சின் ஓடுது, சில வண்டிங்க விட்பி வரைக்கும் வரும். 1836ல ஆரம்பிச்சப்ப குதிரைதான் இழுத்திருக்கு. இப்ப அங்க வேலை செய்யறவங்கள்ல நிறையப் பேரு சம்பளம் வாங்காதவங்க. ஆசைக்கு வந்து கரி அள்ளிப் போடறாங்க, நம்ம வீட்டுல தட்டு எடுத்து வெக்கச் சொன்னா செய்ய மாட்டாங்க.

சுத்த சைவம். பட்டினிதானா? – வாசகர், சூரமங்கலம்

சிப்ஸ் இருக்கேன்னு நினைச்சு ஏமாறாதீங்க, யார்க்ஷயர் பக்கம் நிறையக் கடையில மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க. என்ன எண்ணெய்னு கேட்டுட்டு வாங்குங்க. எங்களுக்குத் தெரியறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு அரைப் பொட்டலம் காலி பண்ணிட்டாரு, அதுக்கப்புறம் கங்கா ஜலம் தேடினாரு. கருவாடு சாப்பிடறவங்க கிப்பர் வாங்கிப் பாருங்க, ஹெர்ரிங் மீனைப் பொளந்து புகையில தொங்க விட்டது, 1872லருந்து ஒரே குடும்பம் நடத்தற புகைக் கூடம் அங்க இருக்கு. சந்துக்குள்ள நுழையும்போதே மூக்கு சொல்லிடும்.

வெள்ளக்காரன் கட்டின சின்ன ஊரு பாக்கணும்னா ஏற்காடு இல்லியா? அவ்வளவு செலவு பண்ணி அங்க எதுக்கு? – வாசகர், ஏற்காடு

கோவிச்சுக்காதீங்க அண்ணா, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1820லருந்து 1829 வரைக்கும் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் அங்க காப்பி, பேரிக்கா எல்லாம் கொண்டு வந்து நட்டவரு. ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடியே அது ஊருதான். சேர்வராயன் குகைக் கோயில் 5,326 அடி உசரத்துல இருக்கு, எத்தன பேரு வைகாசித் திருவிழா இல்லாத நாள்ல குனிஞ்சு உள்ள போய்ப் பாத்திருக்காங்க? பகோடா பாயிண்ட்ல மலை சனங்க அடுக்கின கல்லுக் குவியலாலதான் அந்தப் பேருன்னு அங்க ஐஸ்கிரீம் சாப்பிடற எத்தன பேருக்குத் தெரியும்? ஏரி ரொம்பி வழியற தண்ணிதான் கிளியூர் அருவியா விழுதுன்னு எனக்கே 40 வயசுலதான் தெரியும், நான் சேலத்துலயே பொறந்தவ. விட்பில மூணு மணி நேரத்துல ஒரே ஒரு படிக்கட்டு ஏறினேன். இருவது ஹேர்பின் பெண்டு ஏறிப் போய் அதே மூணு மணி நேரத்துல இங்க பத்து பாயிண்ட் பாக்கறேன். அடுத்த தடவ டாக்ஸி வேணாம், உங்க ஊருக்கு பஸ்ல வர்றேன், நீங்களே கூட்டிட்டுப் போங்க.

சேலத்துலருந்து என்ன எடுத்துட்டுப் போலாம்? – மூணு பேரு கேட்டது

பால் சாமான், நெய், கறி எதுவும் கூடாது. மல்கோவா மாம்பழத்துக்கு மனசு அடிச்சுக்கும், அதுக்கு விதி என்னன்னு முதல்லயே கேட்டுக்கங்க. ஏற்காட்டுக் காப்பித்தூள், மிளகு, தட்டுவடை போதும். குடை வேணாம், அங்க அடிக்கற கடல் காத்துக்கு என் குடை பூ மாதிரி விரிஞ்சு நின்னுச்சு, தொப்பி வெச்ச மழைக்கோட்டு எடுத்துக்கங்க. ஜூன்லயும் திடீர்னு கடல்லருந்து மூடுபனி ஏறி வந்து மடத்தையே மறைச்சுடும்.

தட்டுவடைய வெளிய வெச்சு சாப்பிடாதீங்க. நான் படிக்கட்டு மேல உக்காந்து, வீட்டுலருந்தே துருவிட்டு வந்த பீட்ரூட் கேரட்ட நடுவுல வெச்சு செட்டு ஒண்ணு பண்ணி வாய்க்குக் கொண்டு போனேன், பின்னாலருந்து ஒரு கடல் காக்கா வந்து கையோட அடிச்சுட்டுப் போயிடுச்சு. சட்னி மட்டும் விரல்ல இருந்துச்சு.