உதிரிபாகமும் விற்கும் பட்டறைக்கு ஜி.எஸ்.டி. வரம்பு

ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) வரம்பு உங்களுக்கு 40 லட்சம் அல்ல, 20 லட்சம் ரூபாய். மதுரையில் இருசக்கர வாகனப் பட்டறை தொடங்கி, கூலியுடன் உதிரிபாகத்துக்கும் சேர்த்தே பில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கூலி என்பது சேவை, ஆகவே பொருள் மட்டுமே விற்பவர்களுக்கான 40 லட்ச வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் தமக்குரிய வரம்பைச் சொன்னதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பில் புத்தகத்தை எடுத்து, ஏப்ரல் முதல் இன்றுவரையிலான மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். லாபத்தையோ கூலியையோ மட்டும் கூட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. மாதம் 70,000 ரூபாய் கூலியும் 1,10,000 ரூபாய்க்கு உதிரிபாகமும் என்றால், கூலி ஆண்டுக்கு 8,40,000 ரூபாய்தான். ஆனால் மொத்த விற்றுமுதல் 21,60,000 ரூபாயாகி வரம்பைத் தாண்டிவிடும். தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே பான் எண்ணில் உங்களுக்கு வேறு தொழில் இருந்தால், அதன் வரவும் இந்தக் கணக்கில் சேரும்.

வாடிக்கையாளரே கடையில் பணம் கொடுத்து வாங்கிவரும் உதிரிபாகம் உங்கள் விற்றுமுதலில் சேராது. ஆனால் நீங்கள் வாங்கிப் பொருத்திய பாகத்தைப் பில்லில் காட்டாமல் விட்டுவிட்டு இதையே காரணமாகச் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவரின் கணக்கில் அது பதிவாகியிருக்கக்கூடும்.

நிறுவன வாகனங்களின் வேலை வந்தால் அவர்கள் ஜி.எஸ்.டி. பில் கேட்பார்கள் என்பதால், வரம்புக்கு முன்பே பதிவு செய்வதும் நல்லதே. எனினும் பதிவு செய்தபின், வேலையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.