ஆர்டர் காப்பியைக் காட்டச் சொல்லுங்கள்: மரம் பற்றிய கேள்வி-பதில்

கே: சாலை அகலப்படுத்த எங்கள் தெருமுனை வேம்பில் நம்பர் எழுதிப் போயிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா? (வாசகி, அழகர்கோயில் சாலை)

ப: முடியும். நம்பர் போட்டதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு சம்மதிக்க வேண்டும். இன்றைக்கே படம் எடுங்கள்: நம்பர் தெரிய ஒன்று, பக்கத்து மின்கம்பத்தோடு முழு மரமாக ஒன்று. நெஞ்சளவு உயரத்தில் கயிறு சுற்றி, சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கிவிட்டு வாருங்கள். "மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் மனு அப்படியே தூங்கிவிடும். பசுமைக் குழு அனுமதித்ததா, எந்தத் தேதியில், மாற்றாக எத்தனை கன்று, எங்கே நடுவார்கள் என்று கேளுங்கள். தகவல் உரிமை மனுவும் போடலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டால் ஆர்டர் காப்பியைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியருக்கும் 100-க்கும் போன் போடுங்கள். லீவு நாளில் கூடுதல் கவனம் தேவை, அன்றைக்கு ஆபீஸ் பூட்டியிருக்கும். மாட்டுத்தாவணி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு மரநிழல் என்ன பெறும் என்று.

கே: புதுக் கடை வாசலில் நல்ல புங்கமரம், யாரும் வெட்டாமலே காய்கிறது. (வாசகர், மேலூர்)

ப: அடிமரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். பட்டையை வளையமாக உரித்திருக்கிறதா? இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் சில மாதம் பச்சையாகவே நிற்கும், அப்புறம் வாடும். பிறகு "பட்டமரம், ஆபத்து" என்று சொல்லி எளிதாக வெட்டிவிடலாம். இது கொலைதான். துளை போட்டு ஆசிட் ஊற்றுவதும் உண்டு. தேதியோடு படம் எடுத்து இப்போதே புகார் கொடுங்கள். உரிக்காத பட்டை ஒரு பக்கமாவது மிச்சமிருந்தால் பிழைக்க வழியிருக்கிறது.

கே: ஊர்ப் புளியமரத்தை ஏலம் எடுத்தவர் கிளையையும் வெட்டி விற்கிறார். (வாசகர், உசிலம்பட்டி)

ப: மகசூல் ஏலம் என்றால் புளி மட்டும்தான் அவருக்கு, விறகு கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்துமூலம் சொல்லுங்கள்.

கே: சொந்தப் பட்டா நிலத்துப் பனையை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்? (வாசகர், திருமங்கலம்)

ப: ஆட்சியரை. பனையை வெட்ட அவர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. செங்கல் சூளைக்கு விலை பேச வருபவர் இதைச் சொல்லமாட்டார்.