நாய் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம், திண்ணையில் இருப்பதுதான் மிச்சம்

கேள்வி: பாபநாசம் பக்கம் கிராமம். எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டு வயது. திண்ணையில் படுக்கும், ஒட்டினாற்போல் மாட்டுக் கொட்டகை. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி. பிடுங்கிப் போட்டு, பவுடர் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மாட்டிலிருந்து வருகிறதா? வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: வயல் மருந்தை மட்டும் ஊற்றாதீர்கள். எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் அது தோல் வழியே உடம்புக்குள் இறங்கும், நக்கும்போது வயிற்றுக்கும் போகும். வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, வலிப்பு கண்டு சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். யாராவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

சரி, மாட்டுக்கு வருவோம். மாட்டின் மேல் அதிகம் காண்கிற உண்ணி, லார்வாவிலிருந்து (முட்டை பொரித்து வரும் குஞ்சு) பெரிதாகும் வரை அதே மாட்டின் மேலேயே இருந்துவிடும். உங்கள் நாயைப் பிடித்திருப்பது பெரும்பாலும் அதுவல்ல, பழுப்பு நிற நாய் உண்ணி. அதன் பிழைப்பே வேறு. லார்வாவாக ஒரு தடவை, நிம்ஃபாக (பாதி வளர்ந்த பருவம்) ஒரு தடவை, வளர்ந்தபின் ஒரு தடவை என மூன்று முறை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் ஒளிந்துகொள்ளும். கொட்டைமுத்து போல் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கிறதே, அது ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. கீழே விழுந்ததும் சுவரேறி, காரை பெயர்ந்த விரிசலிலோ கீற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். சாயங்காலம் டார்ச் அடித்து, திண்ணைத் தூணும் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். கடுகு கடுகாய் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். பத்து நாளில் திரும்ப வந்ததாக நீங்கள் சொல்வது இவைதான்.

ஆகவே நாய்க்கும் இடத்துக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். நாய்க்கு, பிடரியில் தோல்மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து கிடைக்கிறது. விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. டெல்டா நாய் தினம் வாய்க்காலில் விழுந்து எழும், அதனால் நான் மாத்திரையைத்தான் விரும்புகிறேன். அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் ஒன்று போட்டால் சுமார் 12 வாரம் தாங்கும். சோற்றோடு கொடுங்கள். எடையைப் பார்த்து டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதுவும் வேண்டாம், பூனைக்கு அது விஷம். வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுவதில் தப்பில்லை. ஆனால் இந்த அளவுக்குப் பெருகியபின் அவற்றை நம்பி உட்காரக் கூடாது.

இடத்துக்கு வேலை அதிகம். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். டாக்டர் சொல்லும் மருந்தைத் தரைக்கும் சுவருக்கும் அடித்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவையும் அடிக்க வேண்டும், முட்டை பொரித்து வருவதைப் பிடிக்க. தீவனத் தொட்டியை மூடிவிட்டு அடியுங்கள். மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், டெல்டாமெத்ரின் போன்ற மருந்து மீனை அடியோடு கொன்றுவிடும்.

தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வால் அடியில் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈர வெள்ளைத் துணியில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். மேலே சொன்ன மருந்துகளே தெள்ளுக்கும் போதும். அதன் முட்டையும் தரையில்தான் உதிர்ந்து கிடக்கும், பெருக்கியதை எரிக்க வேண்டும். தெள்ளை நாய் விழுங்கினால் நாடாப்புழு வரும், குடற்புழு மருந்தும் கேளுங்கள்.

கையில் பிடுங்கும்போது நகத்தால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். இந்த உண்ணி மனிதரையும் கடிக்கும். கடித்தபின் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உண்ணிக் காய்ச்சல்தான். எர்லிக்கியா, பபீசியா கிருமிகளை இந்த உண்ணி பரப்பும். தினமும் சோறு வைக்கும்போது உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிற்றில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ, சோறு இறங்காமல் சுருண்டு படுத்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் எழுதுவார்கள். நான்காம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு எழுந்து வரும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.