பார்வை கூடுமா, குறைவது நிற்குமா? கண் நோய் ஆராய்ச்சி: கேள்வி பதில்

கிளாகோமா (பார்வை நரம்பு சேதமாகும் நோய்), மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது), கிட்டப்பார்வை, கருவிழி நோய்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. படிக்கும்முன் ஒன்று. “கண் நோய்க்குப் புதிய மருந்து வெற்றி” என்று செய்தி வந்தால், அந்த ஆய்வில் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். பார்வை கூடியதா, குறைவது நின்றதா, குறையும் வேகம் மட்டும் தணிந்ததா? பத்திரிகைத் தலைப்பில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு கிளாகோமா. இரண்டு சொட்டு மருந்து போட்டும் கண் அழுத்தம் 24-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்தை மாற்றச் சொல்லலாமா?

மாற்றுவதற்கு முன் அவர் மருந்து போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாதிக் குறை கையில்தான் இருக்கும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் கீழ்ப்பையில் தங்குவதோ அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுதான். ஆகவே “இன்னொரு சொட்டு சேர்த்துப் போட்டேன்” என்றால் அது கன்னத்தில் வழிந்ததோடு சரி.

தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு பை போல வரும். மேலே பார்த்துக்கொண்டு, பாட்டில் முனை இமை மயிரில் படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு இமையை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். இறுக மூடிக் கண்ணைக் கசக்கினால் மருந்து வெளியே வந்துவிடும். மூலையை அழுத்தாவிட்டால் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலக்கும். டைமோலால் என்ற கிளாகோமா சொட்டு மருந்து போடுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை: நாடித்துடிப்பு குறையும், ஆஸ்துமா இருந்தால் மூச்சுத் திணறும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும். உடனே போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவித் தள்ளிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், மருந்தை மாற்றுவது பற்றியும் லேசர் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 2019-இல் வெளியான லைட் ஆய்வில், சொட்டு மருந்துக்குப் பதில் எஸ்.எல்.டி. என்ற, கண்ணின் வடிகாலில் செய்யும் லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். அது புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களிடம் நடந்த ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். லேசரின் பலன் காலப்போக்கில் தேயும், திரும்பவும் செய்யலாம். கோணம் மூடிய வகை கிளாகோமாவுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: எனக்கும் அழுத்தம் 24. ஆனால் “நரம்பு நன்றாக இருக்கிறது, மருந்து வேண்டாம்” என்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நியாயமா?

நியாயம்தான். அழுத்தம் கூடுதல், பார்வை நரம்பில் சேதம் இல்லை என்றால் அது கிளாகோமா ஆகாது. 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் சொட்டு மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும், போட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கும் ஐந்து ஆண்டில் நோய் வந்தது. மருந்து ஆபத்தைப் பாதியாக்குகிறது, உண்மை. ஆனால் மருந்தே இல்லாமலும் பத்தில் ஒன்பது பேருக்கு வரவில்லை. உங்கள் கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) எவ்வளவு கனம் என்று கேளுங்கள். 555 மைக்ரானும் அதற்குக் கீழும் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று அதே ஆய்வு காட்டியது. கனமான கருவிழியில் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதும் உண்டு.

கேள்வி: மாகுலா சிதைவுக்கு அம்மாவுக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி. எப்போது நிறுத்துவார்கள்? ஒவ்வொரு முறையும் மறுநாள் கண் எரிகிறது, கருப்புக் குமிழ் மிதக்கிறது.

ரத்தக்கசிவு இருக்கும் ‘ஈர’ வகைக்குத்தான் இந்த ஊசி. வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதம் கெட்ட ரத்தக் குழாய்களை வளர்க்கிறது. ஊசி மருந்து அதைக் கட்டிப்போடுகிறது, சில வாரங்களுக்கு மட்டும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. விழித்திரையில் தேங்கிய நீர் வற்றியது ஸ்கேனில் தெரிந்தபின் இடைவெளியை இரண்டிரண்டு வாரமாக நீட்டுவார்கள்: 4, 6, 8, சிலருக்கு 12 அல்லது 16 வரை. நீர் திரும்பினால் ஒரு படி இறங்குவார்கள். முழுதாக நிறுத்துவது சிலருக்கே வாய்க்கும். “பார்வை நன்றாக இருக்கிறதே” என்று நீங்களாக இரண்டு தவணை தள்ளிப்போடாதீர்கள். அப்படி இழக்கும் பார்வை (எழுத்து அட்டையில் படிக்க முடிந்த வரிகள்) பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஊசியில் இருப்பது பொதுவாக 0.05 மி.லி. கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி, வெள்ளை விழி வழியாகப் போகும். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஊசி அல்ல, கிருமி நீக்கப் போடும் 5 சதவீத போவிடோன் அயோடின். ஒரு நாளில் அடங்கும். வட்டமான சின்னக் குமிழ் மருந்தோடு போன காற்று. ஓரிரு நாளில் கரையும். பயப்பட வேண்டியது வேறு: அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போவது, கண் சிவந்து பார்வை மங்குவது. அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், “காலையில் பார்க்கலாம்” கூடாது. திடீரென நிறையப் புள்ளிகளோ, திரை விழுந்தது போன்ற நிழலோ வந்தாலும் அதே அவசரம்.

கேள்வி: விலை குறைந்த பெவாசிசுமாப் ஊசி தரம் தாழ்ந்ததா?

இல்லை. இதே நோய்க்கான விலை கூடிய ஊசி ரானிபிசுமாபோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட கேட் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஓராண்டில் பார்வையைப் பொறுத்தவரை இரண்டும் சமம். சிக்கல் மருந்தில் இல்லை, அதைப் பிரிப்பதில்தான். புற்றுநோய்க்கான பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்ன சிரிஞ்சுகளில் பிரிக்கிறார்கள். அங்கே சுத்தம் தவறினால் ஒரே குப்பி பல கண்களைக் கெடுக்கும். எங்கே, எப்படிப் பிரிக்கப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: எனக்கு மாகுலா சிதைவில் ரத்தக்கசிவு இல்லாத ‘உலர்’ வகை, ஆரம்ப நிலை. வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா?

ஆரம்ப நிலைக்கு அதனால் பலன் நிரூபிக்கப்படவில்லை. இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் ஐந்து ஆண்டில் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. வாங்கினால் பீட்டா கரோட்டின் இல்லாததா என்று பாருங்கள். புகைப்பவர்களுக்கும் புகைத்து விட்டவர்களுக்கும் அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. 2013-இல் அதற்குப் பதிலாக லூட்டின் 10 மி.கி., சியாக்சாந்தின் 2 மி.கி. வந்தன.

உலர் வகை முற்றியவர்களுக்கு 2023-இல் அமெரிக்காவில் இரண்டு ஊசிகள் அனுமதி பெற்றன. அவை அழியும் பகுதி பரவும் வேகத்தைத் தணிக்கின்றன, அவ்வளவே. போட்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நான் முதலில் சொன்ன மூன்றில் இது கடைசி ரகம்.

கேள்வி: தம்பிக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய்). மரபணு சிகிச்சை வந்துவிட்டதாமே?

ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவின் இரு பிரதியும் பழுதானவர்களுக்கு வந்திருக்கிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. விழித்திரைக்கு அடியில் 0.3 மி.லி. செலுத்துகிறார்கள். ஆனால் இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல பத்து உண்டு, ஆர்.பி.ஈ.65 அவற்றில் சிறுபான்மை. அதோடு, உயிருள்ள செல்கள் மிச்சமிருக்க வேண்டும்; செத்த செல்லுக்கு நல்ல மரபணு கொடுத்து என்ன பயன்? ஆகவே முதல் வேலை மரபணுப் பரிசோதனை. ரிப்போர்ட் கையில் இல்லாமல் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அப்படிப் போட்டுக்கொண்டு பார்வை இழந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: மகளுக்கு 8 வயது, ஒவ்வொரு வருடமும் கண்ணாடிப் பவர் ஏறுகிறது. கிட்டப்பார்வை ஏறுவதைத் தணிக்கும் அட்ரோபின் சொட்டு எந்த அளவு?

2019-இல் வெளியான லாம்ப் ஆய்வில் ஓராண்டில் ஏறிய சராசரி பவர்: மருந்தில்லாத வெறும் சொட்டுக்கு 0.81, 0.01 சதவீதத்துக்கு 0.59, 0.025-க்கு 0.46, 0.05-க்கு 0.27 டையாப்டர். ஒவ்வொரு இரவும் ஒரு சொட்டு. அளவு கூடக்கூடப் பலனும், வெயிலில் கூச்சமும் கூடும். 1 சதவீத பாட்டிலை வாங்கி வீட்டில் நீர் கலக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்; அளவும் தவறும், கிருமியும் சேரும். சட்டென நிறுத்தினால் பவர் வேகமாக ஏறக்கூடும், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளில். பவர் ஏற ஆரம்பிக்காத தம்பி தங்கை இருந்தால் தினமும் வெளியே விளையாட விடுங்கள். பள்ளியில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதல் வெளி நேரம் கொடுத்தபோது, மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 ஆகக் குறைந்ததாக 2015-இல் சீன ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி: கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து?

கிடையாது. 2015-இல் லானோஸ்டெரால் நாய்களின் புரையைக் குறைத்ததாக வந்தது. மனித லென்ஸில் வைத்துப் பார்த்தபோது கரையவில்லை. அறுவை சிகிச்சைதான்.

கேள்வி: கெரட்டோகோனஸுக்கு (கருவிழி மெலிந்து கூம்பாக நீளும் நோய்) கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்து ஒரு மாதம் ஆகிறது. பார்வை முன்னைவிட மங்கல். தவறாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மேல்தோலை எடுத்து, ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டில் ஊறவைத்து, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குகிறார்கள். மூல முறையில் 30 நிமிடம் சொட்டு, 30 நிமிடம் ஒளி. அதன்பின் ஒன்று முதல் மூன்று மாதம் கருவிழியில் லேசான மூட்டம் இருக்கும், பிறகு தெளியும். இந்தச் சிகிச்சையின் நோக்கம் கூம்பு மேலும் கூர்மையாவதை நிறுத்துவது. கண்ணாடியோ லென்ஸோ தொடரும். 6 மாதத்தில் கருவிழி வரைபடத்தை பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கண்ணைத் தேய்க்கவே கூடாது. அரிப்புக்கு அலர்ஜி சொட்டு கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக எடுத்துப் போட்டால் அழுத்தம் ஏறி, முதல் கேள்வி கேட்டவரின் அப்பா பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும்.